லத்தீனோ ஃப்ரெட்டர்னிட்டிகளும் அவர்களுடைய சமூக சேவையும்: மறக்க முடியாத சந்திப்புகளைப் பகிருங்கள்

நியூஜெர்சிக்காரன்

எங்கள் வளாகத்து லத்தீனோ ஃப்ரெட்டர்னிட்டி (லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களின் சகோதரச் சங்கம்) பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில், கல்லூரி உதவித்தொகைக்கான ஃபாஃப்ஸா என்னும் கூட்டரசு விண்ணப்பத்தை நிரப்பித் தரும் மாலைகளை நடத்துவதும், ஆள் போதாதபோது எங்களைப் போன்ற முனைவர் பட்ட மாணவர்களையும் அழைப்பதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்ததே. 2024 பிப்ரவரியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். விண்ணப்பத்தை அடியோடு மாற்றியமைத்த ஆண்டு அது. அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி என்னும் அடையாள எண் இல்லாத பெற்றோரால் தங்கள் பகுதியை நிரப்ப முடியாமல் இணையதளம் திரும்பத் திரும்ப நின்றுவிடும். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் இங்கேயே பிறந்த குடிமகள். கூட்டரசின் உதவித்தொகைக்கு முழு உரிமை உடையவள். அவளுடைய தகப்பனாரிடம் இந்த நாட்டில் தங்குவதற்கான எந்த ஆவணமும் இல்லை.

முகவரிக் கட்டம் வந்ததும் அவர் மகளின் கையை மடிக்கணினியிலிருந்து மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, இதை யார் யார் பார்ப்பார்கள் என்று ஸ்பானிஷில் கேட்டார். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், தன் அமைப்பின் பெயரான கிரேக்க எழுத்துகள் தைத்த மேலங்கியோடு, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உதவித்தொகை தவிர வேறு எதற்கும் இந்தத் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றும், ஆனால் அந்தச் சட்டம் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் அவன் சொன்னதை மகள் எனக்காக ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு அவன் கணினியை மூடி, வீட்டில் எல்லோரும் கலந்து பேசிவிட்டு வாருங்கள், அடுத்த வாரமும் இங்கேதான் இருப்பேன் என்றான்.

அந்த ஆண்டு கூட்டரசின் பெல் உதவித்தொகையின் உச்சவரம்பு 7,395 டாலர். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அவன் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் கணினி மூடப்பட்டபோது அந்தப் பெண் தன் தகப்பனாரைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தது என்னை விட்டுப் போகவில்லை.

அயோவா சிட்டி வேதியியல்

மேலே எழுதியவருக்கு: அவன் பொய்யான உறுதி கொடுத்திருந்தால்தான் தவறு. என்னை உறுத்துவது வேறு.

1986-இல் சிக்மா லாம்டா பீட்டா என்னும் லத்தீனோ ஃப்ரெட்டர்னிட்டி தொடங்கிய ஊர் இது என்பதால், புதிய உறுப்பினர்களை முகமூடியோடு வரிசையாக நிறுத்தி அறிமுகப்படுத்தும் இரவுகள் இங்கே எல்லோருக்கும் பழக்கம். அப்படி ஓர் இரவில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா வந்து நின்றார். வெஸ்ட் லிபர்ட்டியிலிருந்து வந்திருந்தார். 2010 கணக்கெடுப்பில் அயோவாவிலேயே முதன்முதலாக லத்தீனோக்கள் பெரும்பான்மையாகப் பதிவான சிற்றூர் அது. அங்கே வான்கோழி இறைச்சி ஆலைதான் பெரிய வேலைத்தலம். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். ஆலையில் தலைமுடியை மூடும் வலையின் எலாஸ்டிக் நெற்றியில் பதித்த சிவந்த கோடு இன்னும் மறையவில்லை. வரிசையில் நின்றவர்கள் தோளோடு தோள் சேர்ந்து தங்கள் அமைப்பின் வரலாற்றை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகமூடி கழற்றப்படுவதற்கு வெகு முன்பே, ஒரே ஒரு குரலைக் கேட்டு அவர் என் மணிக்கட்டைப் பற்றி, அவன்தான் என்றார்.

முகமூடி விலகியபோது பார்த்தால், நான் ஆய்வகம் நடத்தும் வகுப்பில் படிப்பவன். ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பவன் என்றும் எனக்குத் தெரியும். நான் ஆசிரிய உதவியாளர் என்று அறிந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, நன்றாகப் படிக்கிறானா என்பதுதான். சில வாரங்களாக அவனிடமிருந்து ஆய்வக அறிக்கை எதுவும் வரவில்லை. மாணவரின் அனுமதியின்றி அவருடைய மதிப்பெண் விவரத்தைப் பொதுவாகப் பெற்றோரிடமும் சொல்லக் கூடாது என்கிறது 1974-இன் ஃபெர்ப்பா சட்டம். நல்ல பையன் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

பெயர் வேண்டாம்

அயோவா நண்பர் அந்தச் "சில வாரங்களை" ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். நான் தாண்ட மாட்டேன். சேருவதற்கு முந்தைய வாரங்களில் சில அமைப்புகள் புதியவர்களை வதைப்பதுண்டு. என் அறைத்தோழன் வேறொரு மாநிலத்தில் வேறொரு அமைப்பில் சேர முயன்றவன். விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் சமையலறையில் நின்றபடி, கண்களை மூடிக்கொண்டு, நிறுவனர்களின் பெயர்களை வரிசை தவறாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காலணிக்குள் அடங்காத அளவுக்குப் பாதங்கள் வீங்கியிருந்தன. உட்காரச் சொன்னேன். யாரும் பார்க்காத எங்கள் சொந்த வீட்டில்கூட அவன் உட்காரவில்லை. நான்கு மணி நேரம் கழித்து உணவு வங்கியில் அரிசி மூட்டை இறக்கக் கிளம்பிவிட்டான். அந்த மூட்டைகள் யாரோ ஒருவர் வீட்டில் அடுப்பெரிய உதவின என்பதை மறுக்கவில்லை. ஆனால் சேவையைக் காட்டி இதை நியாயப்படுத்துவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். புதியவர்களைத் துன்புறுத்தும் சம்பவங்களைக் கல்லூரிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் கூட்டரசுச் சட்டமே வந்திருக்கிறது. உங்கள் தம்பியோ மகனோ எந்த அமைப்பில் சேர்வதாக இருந்தாலும், அந்த அறிக்கையை முதலில் தேடிப் படியுங்கள்.

டெக்சஸ் வாசகர்

என் அனுபவம் சிறியது. ஒமேகா டெல்டா ஃபை என்னும் ஃப்ரெட்டர்னிட்டி 1987-இல் டெக்சஸின் லபக் நகரில் தொடங்கியது முதல், இந்த வட்டாரத்தில் லத்தீனோ அமைப்புகளுக்குக் குறைவே இல்லை. அவற்றில் ஒன்று மாணவர் மன்றக் கட்டடத்தில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களைக் கொடையளிப்போர் பதிவுக்கு மேசை போட்டிருந்தது. தன் தங்கைக்கு ரத்தப் புற்றுநோய் என்றும், பதிவேட்டில் இதுவரை பொருத்தம் கிடைக்கவில்லை என்றும் சொன்ன மாணவன், கன்னத்தின் உட்புறத்தைத் துடைக்கும் பஞ்சுக்குச்சியை என்னிடம் நீட்டிவிட்டு, உங்களுடையது அவளுக்குப் பொருந்தாமல் போகலாம், ஆனால் உங்கள் ஊர்க்காரர் யாருக்காவது பொருந்தும் என்றான். தன் தங்கைக்காக நிற்பவன் அதைச் சொன்னான்.

இனி இங்குள்ள எல்லோருக்கும் என் வேண்டுகோள். திசுப் பொருத்தம் ரத்தப் பிரிவைப் போன்றதல்ல, எச்.எல்.ஏ. என்னும் மரபுக்கூறுகளைப் பொறுத்தது. ஒரே பூர்விகம் கொண்டவர்களிடையே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அமெரிக்கப் பதிவேட்டில் வெள்ளையர்களுக்கு எளிதில் பொருத்தம் கிடைக்க, லத்தீனோக்களும் கறுப்பினத்தவரும் நம்மைப் போன்ற தெற்காசியர்களும் திண்டாடுவது இதனாலும், இவர்களில் பதிந்தவர்கள் குறைவு என்பதாலும்தான். 18 முதல் 40 வயது வரை பதிவு செய்துகொள்ளலாம். பெரும்பாலும் இடுப்பெலும்பில் ஊசி போடுவதில்லை. சில நாள் மருந்து செலுத்திக்கொண்டு, கையிலிருந்து ரத்தம் எடுத்து, செல்களைப் பிரித்தபின் மீதியைத் திரும்ப ஏற்றிவிடுகிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்குச் சென்னையில் 2009 முதல் இயங்கும் தாத்ரி பதிவேடு இருக்கிறது. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். அழைப்பு வரும்போது பின்வாங்குவதாக இருந்தால் பதியவே பதியாதீர்கள்; பொருத்தம் கிடைத்துவிட்டது என்று ஒரு குடும்பத்திடம் சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. வீட்டில் அம்மா அப்பாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடைசி நேரத்தில் தடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

உறுப்பினராக இருந்தவள்

நான் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, 1990-இல் அயோவாவில் ஐந்து பெண்கள் தொடங்கிய சிக்மா லாம்டா காமா என்னும் சொராரிட்டியில், அதாவது மாணவியர் சங்கத்தில், சேர்ந்தவள். பெயர் வேண்டாம் என்பவர் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். அவருடைய அறைத்தோழனுக்கு நடந்தது குற்றம். ஆனால் உள்ளே இருந்தவர்களில் பலர் ஒருபோதும் அப்படி நடத்தப்படவில்லை என்பதையும் இங்கே யாராவது சொல்லியாக வேண்டும்.

2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கிய பின், நாங்கள் மின்கலம், தண்ணீர் வடிகட்டி, குழந்தைப் பால்மாவு ஆகியவற்றைத் திரட்டினோம். எங்கள் தலைவியின் பாட்டி அந்தத் தீவின் போன்சே நகரில் இருந்தார். தீவு முழுவதும் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் அவரைப் பற்றிச் சேதியே இல்லை. ஒரு மூதாட்டி பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே தடித்த குளிர்காலக் கோட்டுகள். வெப்பமண்டலத் தீவுக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு என்று நான் வாயெடுக்கும் முன்பே தலைவி இரண்டு கைகளாலும் பெட்டியை வாங்கி, நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். கோட்டுகள் அன்று மாலையே எங்கள் ஊரில் வீடற்றவர்கள் தங்கும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன. அவளுடைய கைப்பேசி எந்நேரமும் அவள் கையிலேயே இருந்தது. பெட்டி வாங்கிய அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான் அதை மேசையில் வைத்தாள்.

நியூஜெர்சிக்காரரே, ஒரு வேண்டுகோள். எண் இல்லாத பெற்றோருக்கு இணையதளம் தந்த அந்தத் தொல்லையைப் பிற்பாடு பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். ஃபாஃப்ஸா ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிரப்ப வேண்டியது. ஓராண்டு விட்டுப்போனவர் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கத் தடையேதும் இல்லை. அந்தப் பள்ளியின் ஆலோசகர் வழியாக அந்தக் குடும்பத்துக்கு இதைத் தெரிவிக்கப் பாருங்கள். முடிவை அவர்களே எடுக்கட்டும்.