பிஎஸ் 2, என்பிஏ ஸ்ட்ரீட் வால்யூம் 2: பிளாக் எல்லாம் பிந்திப் போகுது, உதவி தேவை

ஸ்காபரோ_பேஸ்மென்ட்:
எல்லாருக்கும் வணக்கம். வாற சனிக்கிழமை அண்ணா கல்கரியில இருந்து வாறார், அதுக்கு முதல் இதைச் சரிப்பண்ண வேணும். 2003-இல நாங்கள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்தா இந்த தெருக் கூடைப்பந்து கேம்தான். நான் எப்பவும் ரொறன்ரோ ராப்டர்ஸ், வின்ஸ் கார்ட்டர். அண்ணா பழைய காலத்து நட்சத்திரம் டாக்டர் ஜே. அதே பழைய பிஎஸ் 2-ஐத் துடைச்சு எடுத்து வச்சிருக்கிறன். டிஸ்க் நல்லா ஓடுது, மெமரி கார்ட்டில பழைய சேவ் கூட அப்பிடியே கிடக்கு.

பிரச்சினை பிளாக்கில, அதாவது எதிராளி போடுற பந்தைத் தடுக்கிறதிலதான். எதிராளி டங்குக்கு (எழும்பிப் பந்தை வளையத்துக்குள்ள அமத்திப் போடுறதுக்கு) எழும்பேக்க நானும் பட்டனை அமத்திறன். என்ரை ஆள் எழும்பிற நேரம் பந்து வளையத்துக்குள்ள போயிட்டுது. பத்துக்கு ஒண்டு கூடச் சரிவரேல்லை. 21 புள்ளி ஆட்டத்தில இப்பிடி விட்டா அவையின்ரை கேம்பிரேக்கர் (நிரம்பினா சிறப்பு ஷொட் ஒண்டு தாற அளவி) நிரம்பி, எங்கடை புள்ளியும் சேர்ந்து குறையுது. ஆனா டிரிக், பாஸ் எல்லாம் ஓரளவு சரியாத்தான் வருது. அதுதான் எனக்கு விளங்கேல்லை.

ரீவி 55 அங்குலம், 4கே. மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர் ஒரு சின்ன எச்டிஎம்ஐ மாத்திற பெட்டிக்குப் போய், அதில இருந்து ரீவிக்குப் போகுது. ரீவியில கேம் மோட் (படம் பிந்திறதைக் குறைக்கிற செட்டிங்) ஒன்னிலதான் இருக்கு. கொன்ட்ரோலர் ஒரிஜினல், வயர் உள்ளது.

மூன்றுக்கு_மூன்று:
கேமோட கஷ்ட அளவைக் குறைச்சுப் பாருங்க. மேல் நிலைகள்ல கம்ப்யூட்டர் ஆட்கள் ரொம்ப வேகமா எழும்புவாங்க. எனக்கும் முதல்ல இப்படித்தான் இருந்தது.

ஸ்காபரோ_பேஸ்மென்ட்:
குறைச்சுப் பாத்தனான். ஆகக் கீழ் நிலையிலயும் அதேதான்.

குழாய்டிவி:
நண்பா, கேமும் சரி, உங்க கையும் சரி. சிக்னல் வர்ற வழியில கோளாறு.

பிஎஸ் 2-ல பெரும்பாலான கேம்கள் 480ஐ-லதான் வெளியே வரும். நொடிக்கு 60 தடவை, ஒவ்வொரு தடவையும் பாதிப் படம்: ஒருமுறை ஒற்றைப்படை வரிகள், அடுத்தமுறை இரட்டைப்படை வரிகள். பழைய குழாய் டிவி வரி வந்த கையோட திரையில வரைஞ்சிடும், எதையும் சேர்த்து வைக்காது. 4கே டிவிக்கு 2160 வரி வேணும். அதனால அரைப் படத்தை வாங்கி வச்சு, அடுத்த பாதியோட கோத்து, பெரிசாக்கி, மெருகேத்தி, அப்புறம்தான் காட்டும். உங்க வீட்ல இந்த வேலை ரெண்டு தடவை நடக்குது. அந்தப் பெட்டி ஒருமுறை, டிவி ஒருமுறை.

டிரிக் ஏன் பரவாயில்லன்னு கேட்டீங்களே, அதுலயே பதில் இருக்கு. டிரிக்கை ஆரம்பிக்கிறது நீங்க. கொஞ்சம் லேட்டா தெரிஞ்சாலும் கை பழகிக்கும். பிளாக் அப்படி இல்ல, எதிராளி எழும்பறதைப் பார்த்துட்டுப் பண்றது. நீங்க பார்க்கிறப்பவே அந்த டங்க் பழசு. கன்சோலுக்குள்ள அவன் ஏற்கெனவே வளையத்துக்கிட்ட போயிட்டான்.

காசு செலவில்லாம ஒரு சோதனை. சிவப்பு, வெள்ளை ஆடியோ வயரை மட்டும் அந்தப் பெட்டியில இருந்து பிடுங்கி, வீட்ல இருக்கிற பழைய ஸ்டீரியோவுல நேரா சொருகுங்க. பந்து தரையில படற சத்தம் முதல்ல வந்து படம் அப்புறம் வந்தா, தாமதம் பெட்டியிலயோ டிவியிலயோதான். அது உறுதியாயிடும்.

ஸ்காபரோ_பேஸ்மென்ட்:
குழாய்டிவி, செய்து பாத்தன். சத்தம் முதல் வருது! டங்க் அடிச்சு வளையம் அதிர்ந்து முடிஞ்ச பிறகுதான் ஆள் தொங்கிறது தெரியுது. இவ்வளவு நாளும் ரீவி சத்தத்தையும் படத்தோட சேத்துப் பிந்தித் தந்ததால எனக்குப் பிடிபடேல்லை.

போனில ஸ்லோ மோஷன், நொடிக்கு 240 பிரேம் வச்சு எடுத்தும் பாத்தன். பட்டன் அமத்தினதில இருந்து ஆள் அசையுமட்டும் 34 பிரேம்.

குழாய்டிவி:
அருமை. 34-ஐ 240-ஆல வகுத்தா 140 மில்லி செகண்டுக்கு மேல. கேமோட ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி செகண்ட், அப்போ எட்டரை ஃபிரேம். கேமுக்குன்னு உள்ள தாமதமும் இதுல அடக்கம், அதை எதுவும் பண்ண முடியாது. மிச்சத்தைக் குறைக்கலாம்.

முதல்ல அந்தப் பெட்டியைக் கழட்டுங்க. டிவி பின்னாடி பச்சை, நீலம், சிவப்பு துளைகள் இருக்கா? இருந்தா பிஎஸ் 2-க்கு ஒரு காம்பொனென்ட் கேபிள் வாங்குங்க. கேபிளை மாத்தறதுக்கு முன்னாடி, டிஸ்க் இல்லாம கன்சோலை ஆன் பண்ணி, சிஸ்டம் கான்ஃபிகரேஷன்ல காம்பொனென்ட் வீடியோ அவுட் ஆர்ஜிபியில இருந்தா ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர்-னு மாத்திடுங்க. இதை மறந்தா நிறம் கெட்டுத் தெரியும், பலபேர் கேபிள் போச்சுன்னு திருப்பிக் கொடுத்துடறாங்க.

நைட்ஷிப்ட்:
கேம் மோட் எந்த எச்டிஎம்ஐக்குப் போட்டிருக்கிறியள்? கனக்க ரீவியில அது ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனி. என்ரை வீட்டிலயும் புதுக் கன்சோல் இருந்த இன்புட்டில மட்டும்தான் ஒன்னில இருந்தது.

ஸ்காபரோ_பேஸ்மென்ட்:
நைட்ஷிப்ட், நீங்கள் சொன்னதேதான். எச்டிஎம்ஐ 1-இல மட்டும் இருந்திருக்கு. பழைய கேம் இருந்தது 3-இல. மாத்தினதும் 34 பிரேம் 27 ஆச்சு.

காம்பொனென்ட் கேபிளும் வந்திட்டுது. போட்டவுடன் கறுப்பு-வெள்ளைப் படம், நெஞ்சு பக்கெண்டுது. பிறகு பாத்தா இந்த ரீவியில பச்சையும் மஞ்சளும் ஒரே துளை. இன்புட்டைக் காம்பொனென்ட் எண்டு தெரிவு செய்ய நிறம் வந்திட்டுது. அந்த இன்புட்டுக்கும் கேம் மோட் போட்டன். இப்ப 20 பிரேம்!

குழாய்டிவி:
20-ன்னா 83 மில்லி செகண்ட், அஞ்சு ஃபிரேம். மூணரை ஃபிரேம் மிச்சம் பிடிச்சிருக்கீங்க. இன்னும் வேணும்னா ரெட்ரோடிங்க் மாதிரி வரியை இரட்டிப்பாக்கிற கருவி இருக்கு. அது பாதிப் படங்களைக் கோக்காம, வந்த வரியையே ரெண்டாக்கி 480பி-ஆ (ஒவ்வொரு தடவையும் முழுப் படமா) அனுப்பிடும், தாமதம் கிட்டத்தட்ட இல்ல. படம் லேசா மேலும் கீழும் துடிக்கிற மாதிரி தெரியும், விலையும் கூட. யாராவது குழாய் டிவியைச் சும்மா கொடுத்தா அதைத்தான் முதல்ல வாங்குவேன், தூக்கறதுக்கு ஒரு ஆள் துணை வேணும்.

ஒரே ஒரு விஷயம். சனிக்கிழமைக்கு முன்னாடி அந்த மெமரி கார்ட்ல உள்ள பழைய சேவ் ஃபைலை இன்னொரு கார்டுக்கு நகல் எடுத்துடுங்க. சோனியோட 8 எம்பி கார்டாப் பார்த்து வாங்குங்க. பேரில்லாத 64 எம்பி கார்டுல என்னோட 'பி எ லெஜண்ட்' (இந்த கேம்ல உள்ள ஒரு மோட்) ஆட்டம் பாதியில அழிஞ்சுபோச்சு, அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

ஸ்காபரோ_பேஸ்மென்ட்:
சனிக்கிழமை நடந்தது. நகலும் எடுத்தாச்சு. அஞ்சு ஆட்டம், அண்ணா மூண்டு, நான் ரெண்டு. கடைசி ஆட்டம் நியூயோர்க் றக்கர் பார்க் மைதானத்தில, 20-19. டாக்டர் ஜே கோட்டுக்கு உள்ள இருந்து எழும்பினார், நானும் எழும்பினன், கை பந்தில பட்டுது. அண்ணா கொன்ட்ரோலரைக் கீழ வச்சிட்டு என்னைப் பாத்தார். உங்கள் எல்லாருக்கும் நன்றி.

நிலா_லண்டன்:
இதை வாசிச்சதில எனக்கும் ஆசை வந்திட்டுது. இங்க லண்டன் கடையில இதே கேம் டிஸ்க் கிடக்கு. ரொறன்ரோவில இருக்கிற மச்சானுக்கு வாங்கி அனுப்பட்டோ?

குழாய்டிவி:
வேண்டாங்க. லண்டன்ல விக்கிறது பிஏஎல், அதாவது ஐரோப்பாவுக்கான பதிப்பு. கனடா பிஎஸ் 2 மாற்றம் எதுவும் செய்யாம அந்த டிஸ்க்கை ஏத்துக்காது. அங்கேயே என்டிஎஸ்சி (வட அமெரிக்கப் பதிப்பு) டிஸ்க்கா வாங்கச் சொல்லுங்க. லண்டன்ல நீங்க விளையாடறதுக்குன்னா தாராளமா வாங்கலாம், ஆனா உங்க கன்சோலும் பிஏஎல்தானான்னு பின்பக்கம் பார்த்துக்குங்க.