டாம்கேட் என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. எங்கள் சர்வருக்குப் பொருந்துவது எது?

பாலாற்றங்கரை (ஆம்பூர்):

வணக்கம். ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஜெர்மனியிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் வழக்கமாகத் தொழிலாளர் நலன், கழிவுநீர் பற்றித்தான் படிவம் அனுப்புவார்கள். இந்த ஆண்டு புதிதாக ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது: "நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களில் பொதுவெளியில் பதிவான பாதுகாப்புக் குறைபாடுகள் எவை? அவற்றுக்கு என்ன செய்தீர்கள்?"

எங்கள் சம்பளக் கணக்கு மென்பொருளை வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்தார். விண்டோஸ் சர்வரில், ஜாவா நிரல்களை வலைவழி இயக்கும் டாம்கேட் என்ற மென்பொருளின் 9.0.30 பதிப்பில் ஓடுகிறது. தையல் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரின் வங்கிக் கணக்கு எண்ணும் அதற்குள்தான் இருக்கிறது. அதனால் படிவத்தை ஏதோ நிரப்பி அனுப்பிவிட எனக்கு மனமில்லை.

மென்பொருள் குறைபாடுகளைத் தொகுத்து வைக்கும் அமெரிக்க அரசின் என்விடி தளத்தில் "டாம்கேட்" என்று தேடினால், 2000-ஆம் ஆண்டுப் பதிவுகளிலிருந்து எல்லாம் வந்து கொட்டுகிறது. சம்பள மென்பொருளின் பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. ஒன்றும் இல்லை என்றால் குறை இல்லை என்று மேலாளர் மகிழ்ச்சியாக இருக்கிறார். அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

கோட்டை அகழி (வேலூர்):

எடுத்துக்கொள்ளக் கூடாது, தம்பி. யாரும் ஆராய்ந்து பதிவு செய்யவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. ஒரு கம்பெனிக்காகத் தனியாக எழுதிய மென்பொருளுக்கு யார் போய் சிவிஇ எண் (குறைபாடு ஒவ்வொன்றுக்கும் தரும் பதிவு எண்) வாங்குவார்கள்? அதற்குள் என்னென்ன நூலகங்கள் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்கள்) இருக்கின்றன என்று பாருங்கள். நிறுவிய கோப்புறையில் 'ஜார்' என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள். 'லாக்4ஜே-கோர்' (நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஜாவா நூலகம்) என்று தொடங்கும் கோப்பு இருந்தால், பெயரோடு ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 2.14.1 என்றால், 2021 டிசம்பரில் உலகமே அலறிய சிவிஇ-2021-44228 உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதன் ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

டாம்கேட்டுக்கு வருகிறேன். வெறும் பெயரைப் போட்டுத் தேடினால், விவரக் குறிப்பில் அந்தச் சொல் எங்கே வந்தாலும் அள்ளிக்கொண்டு வரும். என்விடியில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தயாரிப்பாளர், பொருள், பதிப்பு என்று சேர்த்த அடையாளப் பெயர் உண்டு. சிபிஇ என்பார்கள். அப்பாச்சி, டாம்கேட், 9.0.30 என்று அதைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அதையும் முழுதாக நம்பி உட்காராதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே பதிவுகளை ஆராயும் வேலை பின்தங்கி, பல பதிவுகள் சிபிஇ இல்லாமலே கிடந்தன. டாம்கேட்டின் சொந்தத் தளத்தில், எந்தப் பதிப்பில் எது சரிசெய்யப்பட்டது என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். 9.0.30-க்கு மேலே உள்ள ஒவ்வொரு பதிப்பின் பட்டியலையும் பாருங்கள். பாதிக்கப்படும் பதிப்புகளில் 9.0.30-உம் அடங்குபவை உங்களுக்கானவை.

நவ்லாக் (ராணிப்பேட்டை):

அக்கா சொன்னதோடு ஒன்று. லினக்ஸ் சர்வரும் இருந்தால் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். ஹார்ட்பிளீட் என்ற குறைபாடு, இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இருந்தது. ஆனால் டெபியன் 7 என்ற லினக்ஸ் வெளியீட்டில் எண் 1.0.1ஈ என்றே நின்றது. பின்னொட்டு '+டெப்7யு5' ஆனபோதே ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. அந்தந்த லினக்ஸ் வெளியீட்டாளரின் பாதுகாப்புப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பாலாற்றங்கரை:

இருவருக்கும் நன்றி. லாக்4ஜே 2.17.1 இருக்கிறது, அந்த மட்டில் நிம்மதி. அக்கா சொன்னபடி தேடியதில் டாம்கேட் பட்டியல் சுருங்கியது, ஆனாலும் நீளமாகத்தான் இருக்கிறது. மதிப்பெண் அதிகமானதிலிருந்து கீழே வரட்டுமா?

கோட்டை அகழி:

மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு குறைபாடு எவ்வளவு கொடியது என்பதைத்தான் அது சொல்லும். உங்கள் சர்வரில் அந்த வசதி இயங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. சிசா என்ற அமெரிக்க அரசு அமைப்பு, உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்பட்ட குறைபாடுகளை மட்டும் 2021 நவம்பரிலிருந்து தனிப் பட்டியலாக வெளியிடுகிறது. உங்கள் பட்டியலில் எவை அதிலும் இருக்கின்றனவோ அவைதாம் முதல் வேலை.

உங்கள் பதிப்பில் அப்படி ஒன்று இருப்பது உறுதி: சிவிஇ-2020-1938, கோஸ்ட்கேட் என்பார்கள். டாம்கேட்டை முன்னால் உள்ள வெப் சர்வரோடு சேர்க்கும் ஏஜேபி என்ற இணைப்பு 8009 போர்ட்டில், யாரும் கேட்காமலே திறந்து கிடக்கும். அதன் வழியாக வெளியாள், உங்கள் மென்பொருளின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் வெப்-இன்ஃப் கோப்புறையில் இருப்பதைப் படித்துவிடலாம். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைப் பலர் அங்கேதான் எழுதி வைக்கிறார்கள். அது கிடைத்தபின் அந்தப் பெண்களின் கணக்கு எண்கள் எவ்வளவு தூரம்? 9.0.31-இல் இதைச் சரிசெய்துவிட்டார்கள். நீங்கள் அதோடு நிற்காமல் 9.0 வரிசையின் கடைசிப் பதிப்புக்கே போங்கள்.

மாற்றும் வரை சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் 8009 உள்ள கனெக்டர் வரியைக் குறிப்புரையாக்கி (அதாவது இயங்காதபடி செய்து), டாம்கேட்டை நிறுத்தித் தொடங்குங்கள். முன்னால் அப்பாச்சி வெப் சர்வர் வைத்து ஏஜேபி வழியாக இணைத்திருந்தால் மட்டும் எழுதியவரைக் கேட்டுக்கொண்டு தொடுங்கள்.

படிவத்தில் "குறைபாடு இல்லை" என்று எழுத மேலாளர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிவிஇ எண், பொருந்துமா, ஏன், என்ன செய்தோம், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். கேட்பவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பாலாற்றங்கரை:

அந்த வரி திறந்தேதான் இருந்தது, அக்கா. முன்னால் வெப் சர்வர் எதுவும் இல்லை என்று எழுதியவரிடம் உறுதி செய்துகொண்டு மூடிவிட்டேன். கணக்குப் பிரிவின் கணினியிலிருந்து டெல்நெட்டில் 8009-ஐ அழைத்துப் பார்த்தேன், இணைப்பு கிடைக்கவில்லை. சம்பள மென்பொருள் வழக்கம்போல் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. அன்று பேக்கப் எடுத்துக்கொண்டு பதிப்பை மாற்றுகிறேன்.