நியாசின் சாப்பிட்டவர்களின் அனுபவம்: எரிச்சலும் அதற்குப் பின்னால் வந்ததும்

சாட்ஸ்வொர்த், டர்பன்

எங்கள் குடும்பத்தில் கொழுப்பு தலைமுறை தலைமுறையாக வருகிறது. பெரியப்பா நாற்பதைத் தாண்டிய கையோடு மாரடைப்பில் போனார். அவர் தம்பியும் அப்படியே. தென்னாப்பிரிக்க இந்தியரிடையே இந்தப் பரம்பரைக் கொழுப்பு நோய் அதிகம் என்பது இங்குள்ள டாக்டர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையின் அளவைக் கூட்டியதும் எனக்குத் தொடைத் தசை வலி தாங்கவில்லை. அளவைக் குறைத்துவிட்டு, கூடவே நியாசினும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். பல ஆண்டுகளுக்கு முந்திய கதை இது.

வெறும் பி3 வைட்டமின்தானே என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். உடம்புக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறக்குறைய 15 மில்லிகிராம். கொழுப்புக்காகக் கொடுப்பதோ 1,000, 2,000 மில்லிகிராம்.

முதல் மாத்திரை போட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். காது மடல் சூடேறியது. பிறகு கழுத்து, மார்பு, முழங்கை வரை திட்டுத்திட்டாகச் சிவந்து, மிளகாய் அரைத்த கையால் தேய்த்ததுபோல் எரிந்தது. என் கணவர் பயந்துபோய்க் கார் சாவியைத் தேடினார். சிறிது நேரத்தில் தானாகவே அடங்கிவிட்டது. தோலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து இரத்தக் குழாய்கள் விரிவதால் வருவது அது. ஒவ்வாமை அல்ல என்றார் டாக்டர். அவர் சொன்னபடி அரை மணி நேரம் முன்னதாக ஆஸ்பிரின் போட்டுக்கொண்டேன். வெறும் வயிற்றில் சாப்பிடவில்லை. அந்த நேரத்தில் சூடான டீயையும் காரக் குழம்பையும் தள்ளி வைத்தேன். சில வாரங்களில் எரிச்சல் வெகுவாகக் குறைந்தது.

பிறகுதான் கால் பெருவிரல் வீங்கியது. போர்வை பட்டாலே உயிர் போகும் வலி. இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறியிருந்தது, சர்க்கரையும் ஏறியிருந்தது. டாக்டர் நியாசினை நிறுத்திவிட்டார். எல்லோரும் எரிச்சலைப் பற்றியே பேசுகிறார்கள். சோதனைக் கூடத்தில் மட்டும் தெரியவருபவற்றுக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

டோங்காட்

அக்கா, என் மாமனாருக்கு எரிச்சலே வரவில்லை. அதுதான் ஆபத்தாக முடிந்தது. மெதுவாகக் கரையும் வகையை டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி நிறைய விழுங்கிக்கொண்டிருந்தார். புரட்டாசி மாதம், வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றார். விரதக் களைப்பு என்று நினைத்தோம். கண் மஞ்சளானதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கல்லீரல் நொதிகள் பல மடங்கு ஏறியிருந்தன. மாத்திரையை நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல இறங்கின. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். 'எரிச்சல் தராத நியாசின்' என்று விற்கும் டப்பாக்கள் சிலவற்றில் இருப்பது நிகோடினமைடு. அதுவும் பி3தான், ஆனால் கொழுப்பைக் குறைக்காது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 25,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. ஸ்டாட்டினோடு நியாசினையும் லாரோபிபிராண்ட் என்ற எரிச்சல் தடுப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை. சர்க்கரை நோயும் இரத்தக் கசிவும் தொற்றுகளும் கூடின. யாராவது இன்னும் பழைய சீட்டை வைத்து நியாசின் வாங்கிக்கொண்டிருந்தால், அது தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். கல்லீரல், சர்க்கரை, யூரிக் அமிலம் மூன்றுக்கும் இரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

தம்பி சொல்வது சரி. எனக்கு இப்போது குறைந்த அளவு ஸ்டாட்டினும் எஸெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தும் ஓடுகின்றன. கொழுப்பு கட்டுக்குள் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்தோம். மூத்தவனுக்கு இருக்கிறது. அவனுக்குச் சிகிச்சை தொடங்கியாயிற்று.