ஹா ஜியாங் மலைச்சுற்று: நாமே ஓட்டுவதா, பின்னால் உட்காருவதா?

வெள்ளவத்தை வாசி:
ஒக்டோபரில் நாங்கள் நான்கு பேர் வியட்நாம் போகிறோம். ஹனோயில் கொஞ்சம் சுற்றிவிட்டு, வடக்கே சீன எல்லையோரத்தில் இருக்கும் ஹா ஜியாங் மலைச்சுற்றுக்குப் போவதாகத் திட்டம். சுமார் 350 கிலோமீற்றர், மூன்று நான்கு நாள் பிடிக்குமாம். எங்களுக்குள் ஒரே இழுபறி. இரண்டு பேர் பைக் வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டவேண்டும் என்கிறார்கள். மற்ற இருவரும் உள்ளூர் சாரதியின் பின்னால் உட்கார்ந்து போவோம் என்கிறோம். அங்கே அவர்களை ஈசி ரைடர் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரத்மலானை ரைடர்:
இதில் கேட்க என்ன இருக்கிறது? ஓட்டத் தெரிந்தவன் ஓட்டவேண்டியதுதான். மஹியங்கனை பதினெட்டு வளைவில் மழைக்குள் இறங்கியவனுக்கு இந்த ரோடு பெரிய விஷயமில்லை. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், ஒரு ஊர் பிடித்துப்போனால் அங்கேயே தங்கலாம். இன்னொருவன் முதுகைப் பார்த்துக்கொண்டு அங்கே வரும் மா பி லெங் மலைக்கணவாயைக் கடப்பதென்றால் வீட்டிலிருந்து யூடியூப்பில் பார்த்துவிடலாமே.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, வளைவில் ஓட்டத் தெரியுமா என்பது அப்புறம். லைசன்ஸ் செல்லுமா? வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968 வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் கொடுக்கும் சர்வதேச அனுமதிப்பத்திரத்தைத்தான். 1949 ஜெனீவா வகை அங்கே செல்லாது. 50 சிசிக்கு மேற்பட்ட எந்த பைக்குக்கும் இதே கதைதான். உங்கள் கையில் இருப்பதில் எந்த ஆண்டு அச்சிட்டிருக்கிறது என்று எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இரத்மலானை ரைடர்:
அக்கா, பாதிப்பேர் லைசன்ஸ் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள். வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டைத் தவிர ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
கடைக்காரர் கேட்கமாட்டார், வழியில் நிற்கிற பொலிஸ் கேட்கும். 2025 ஜனவரியிலிருந்து தண்டப்பணத்தையும் நன்றாகக் கூட்டிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. விழுந்து கால் முறிந்தால் காப்புறுதிக் கம்பனி முதலில் பார்ப்பது செல்லுபடியான லைசன்ஸ் இருந்ததா என்று. இல்லையென்றால் வைத்தியசாலைச் செலவு முழுக்க உங்கள் தலையில். அவசரத்துக்கு ஹனோய்க்கு ஓடவேண்டுமென்றாலும் அங்கிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர்.

இன்னொன்று. அங்கே வலப்பக்கம் ஓட்டவேண்டும். நேர்ரோட்டில் பழகிவிடலாம். திடீரென்று வளைவில் லொறி வந்தால் கை தானாக இடப்பக்கம்தான் திருப்பும். பதினெட்டு வளைவில் எடுத்த பழக்கமே அந்த இடத்தில் எதிரி.

மருதானை மணி:
ஒரு சின்னத் திருத்தம். ஹா ஜியாங் என்று இப்போது தனி மாகாணம் கிடையாது. 2025 ஜூலை 1 முதல் துயென் குவாங் மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். நாட்டில் 63ஆக இருந்த மாகாணங்கள் 34ஆகக் குறைந்துவிட்டன. மலை அதே இடத்தில்தான் இருக்கிறது.

விசா பற்றியும் சொல்லிவிடுகிறேன். இணையத்திலேயே எடுக்கலாம், ஒருமுறை நுழைய 25 டொலர், 90 நாள் வரை.

பசறையூரான்:
மலைநாட்டில் பிறந்து இப்போது கொழும்பில் இருப்பவன் என்ற முறையில் ரைடருக்கு ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து வார இறுதியில் எங்கள் எல்ல ஊர்ப்பக்கம் பைக்கில் பறக்கிறவர்களை எங்கள் ஆட்கள் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? உங்களுக்கு அது சாகசம். அந்த ரோட்டோரமாகத்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் நடந்து போகிறார்கள். ஹா ஜியாங்கிலும் மலைவாழ் ஹ்மொங் இனத்துப் பிள்ளைகள் அப்படித்தான் நடக்கிறார்கள்.

அந்தச் சுற்றின் பிரதான ரோடு எப்படி வந்தது என்று கொஞ்சம் படியுங்கள். 1959இல் தொடங்கி 1965இல் முடித்தார்கள், சுமார் 185 கிலோமீற்றர், பெரும்பாலும் கைவேலை. மா பி லெங் பகுதியில் வேலை செய்த இளைஞர்கள் மாதக்கணக்கில் இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் தொங்கி உடைத்திருக்கிறார்கள். கீழே நோ க்வே ஆறு. எங்கள் பாட்டன்மார் மலைநாட்டு ரோடுகளுக்கும் தோட்டங்களுக்கும் சிந்திய வியர்வை ஞாபகம் வருகிறது, அது வேறு கதை.

சாரதியை வைத்துக்கொண்டால் காசு அந்த ஊர் வீட்டுக்குப் போகும், எந்த வளைவில் கல் விழும் என்பதும் அவருக்குத் தெரியும். அப்புறம், பூக்கூடையோடு குழந்தைகளை நிறுத்தி படத்துக்குக் காசு கேட்கும் இடங்கள் அங்கே உண்டு. கொடுக்காதீர்கள். நுவரெலியாப் பக்கம் கொழுந்துக் கூடையோடு நின்று காசு வாங்கும் அம்மாக்களையாவது பெரியவர்கள் என்று விடலாம். குழந்தைக்குக் கொடுக்கும் காசு பள்ளிக்கூடத்தைத்தான் கெடுக்கும்.

இரத்மலானை ரைடர்:
சாரதிகளைத் தெய்வமாக்காதீர்கள் அண்ணா. ராத்திரி தங்குமிடத்தில் சோளச் சாராயம் ஓடும், கரோக்கே பாடுவார்கள். சில இடங்களில் சாரதியும் சேர்ந்து ஊற்றிக்கொள்கிறார். காலையில் அவர் பின்னால் நீங்கள் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். என் கையில் ஹாண்டில் இருந்தால் நான் குடிக்கவில்லை என்பதாவது எனக்கு நிச்சயம். கூட்டமாக வரிசையில் போகும் குழுக்களைப் பாருங்கள், இறங்கச் சொன்னால் இறங்குவது, ஏறச் சொன்னால் ஏறுவது. அதற்குப் பெயர் பயணமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
சாராயம் பற்றிச் சொன்னது சரி. 2020இலிருந்து அந்த நாட்டில் சாரதியின் மூச்சில் துளி மதுகூட இருக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே முன்பதிவு செய்யும்போதே ராத்திரி குடிக்காத சாரதி வேண்டும், சின்னக் குழு வேண்டும் என்று கேளுங்கள். அதற்காக லைசன்ஸ் இல்லாமல் ஓட்டலாம் என்று ஆகிவிடாது.

முகமாலையான்:
‘நினைத்த இடத்தில் நிறுத்தலாம்’ என்றதற்கு. 1979 பெப்ரவரியில் சீனப் படை நுழைந்த எல்லை இது. ஹா ஜியாங்கின் வி சுயென் பகுதியில் 1989 வரை சண்டை நடந்தது, கண்ணிவெடிகள் இன்னும் மிச்சம். வழக்கமான சுற்றுப்பாதை அந்தச் சண்டைக்களங்கள் பக்கம் போகாது, பயப்பட வேண்டாம். ஆனால் சொந்த பைக் கையில் இருக்கிறது என்று எல்லைப்பக்கம் குறுக்குவழி தேடினால் அது வேறு விஷயம். கண்ணிவெடி விதைத்த எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெள்ளவத்தை வாசி:
எல்லோருக்கும் நன்றி. வீட்டிலே போய் லைசன்ஸ் விஷயத்தைச் சொன்னதும் ஓட்டுவேன் என்ற இருவரில் ஒருவன் அடங்கிவிட்டான். மற்றவன் இன்னும் ரைடர் கட்சி. ஒக்டோபரில் மழை எப்படி?

பசறையூரான்:
பெருமழை ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. 2024 செப்டம்பரில் யாகி புயலில் வட வியட்நாம் முழுக்க மண்சரிவு, ஆகவே ஒக்டோபர் கடைசியே நல்லது. பக்வீட் என்ற தானியச் செடி பூக்கும் காலமும் அதுதான், டொங் வான் பக்கம் மலைச்சரிவெல்லாம் இளஞ்சிவப்பாக இருக்கும். குளிரும், ஜாக்கெட் கொண்டுபோங்கள். ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள், ரோடு மூடினால் காத்திருக்க.

இரத்மலானை ரைடர்:
அந்த நாலாவது ஆளை என்னோடு பேசச் சொல்லுங்கள். 1968 அட்டை கிடைக்க வழியிருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன். கிடைத்தால் நானும் வருகிறேன், என் பைக்கில்.

கொட்டாஞ்சேனை அக்கா:
கிடைக்காவிட்டால்?

இரத்மலானை ரைடர்:
கிடைக்காவிட்டால் மஹியங்கனைக்குப் போகிறேன். பின்னால் மட்டும் உட்காரமாட்டேன்.