கப்பலேறும் நேரம், பொதி வரம்பு: தமிழில் என்ன சொல்லலாம்?

களியக்காவிளையிலிருந்து:

தமிழ்க் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் ஒரு பயண முகவர் அலுவலகம், சுற்றுலாக் கப்பலில் போகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு பக்கத் தாள் தமிழில் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. கொச்சி வெலிங்டன் தீவில் 2021 பிப்ரவரியில் திறந்தார்களே, சாகரிகா முனையம், அங்கிருந்து கிளம்பும் பயணங்களுக்கு. போகிறவர்கள் நம்மூர்க்காரர்கள்தான். மகன் வளைகுடாவில் இருப்பான், "அப்பாவும் அம்மையும் ஒரு தடவை கப்பலில் போய்ட்டு வாங்க" என்று டிக்கெட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான். டிக்கெட் முழுக்க ஆங்கிலம். அதில் நேரம் மட்டும் நாலு இடத்தில் நாலு விதமாக அச்சாகியிருக்கும்.

இதுவரை அந்த அலுவலகம் கொடுத்துவந்த தாளில் நாலுக்கும் ஒரே பெயர்தான்: போர்டிங் டைம். இதனால் ஒரு குடும்பம் கப்பலைத் தவறவிட்டது. மாலை 5 மணிக்குப் புறப்பாடு என்று இருந்ததாம். குழித்துறை ஸ்டேஷனில் ரயில் பிடித்துப் பழகியவர்களுக்கு ஐந்து மணிக்கு நாலரை தாராளம். இவர்கள் இன்னும் உஷார், நாலு மணிக்கே துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். கப்பல் கண்ணெதிரே நிற்கிறது, புகைபோக்கியில் புகை வருகிறது, மேல்தளத்தில் ஆட்கள் கையாட்டுகிறார்கள். ஆனால் ஏறவிடவில்லை. "வண்டி நிக்குதே, ஏத்தினா என்ன?" என்று அந்தப் பெரியவர் கேட்டதற்கு அங்கே யாரிடமும் தமிழில் பதில் இல்லை.

பதில் இதுதான். டிக்கெட்டில் இருப்பவை நாலு வேறு வேறு நேரங்கள். முதலில், வந்து சேரவேண்டிய நேரம். அதே கப்பல் காலையில்தான் பழைய ஆட்களை இறக்கியிருக்கும். அறைகளைத் துடைத்து, படுக்கை மாற்றி, குடிநீரும் காய்கறியும் ஏற்றி முடிக்க மதியம் தாண்டிவிடும். புதிதாக வரும் ஆயிரம், இரண்டாயிரம் பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் முனையம் தாங்காது. அதனால் 11 மணிக்கு ஒரு கூட்டம், 12 மணிக்கு ஒரு கூட்டம் என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம், பெட்டி வாங்கும் கவுன்டர் மூடும் நேரம். அதன்பின் கப்பலோடு கரையை இணைக்கும் பாலம் மூடும் நேரம். கடைசியாக, கப்பல் நகரும் நேரம்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. கப்பலில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் புறப்படும் முன்பே முடிவாகி அதிகாரிகள் கைக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னதாக அது போய்ச் சேரவேண்டும் என்றே சட்டம். அதனால்தான் பல நிறுவனங்கள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே ஆள் ஏற்றுவதை நிறுத்திவிடுகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கொன்கோர்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று மாலைதான் சிவிதாவெக்கியா துறைமுகத்தில் ஏறியவர்களுக்கு ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும் என்ற பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த பழைய விதியை மாற்றி, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தவேண்டும் என்று 2015 முதல் ஆக்கிவிட்டார்கள். பாலம் கடைசி நிமிடம்வரை திறந்திருந்தால் யாரை எண்ணுவது, யாருக்குப் பயிற்சி கொடுப்பது?

நான் போட்டிருக்கும் வரைவு: வந்துசேர "முறைநேரம்", ஏறுவதற்குக் "கலமேறல்", பாலம் மூடுவதற்கு "நடையடைப்பு", நகர்வதற்கு வழக்கம்போலப் "புறப்பாடு". பெட்டிக் கவுன்டர் மூடும் நேரத்தை அப்படியே விட்டுவிட்டேன். லக்கேஜ் வரம்புக்குச் சொல் இன்னும் அமையவில்லை. அடியுங்கள், திருத்துங்கள்.

---

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். கலமேறல் மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் கலம் என்றால் சோறு வைக்கிற பானை. "கலமேறும் நேரம்" என்று தாளில் பார்த்தால் என் பெரியம்மா அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். புலவர் சொல் அழகுதான், ஆனால் படிப்பவர் கையில் பெட்டியும் நெஞ்சில் படபடப்புமாக நிற்கிறார்.

கப்பலேற்றம் என்று போடலாமா என்று யோசித்தேன். அதிலும் ஒரு சங்கடம். வகுப்பில் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன், கடைசி பெஞ்சிலிருந்து உடனே வந்தது: "மானம் கப்பலேறிப் போச்சு மாஷே!" ஆக, பெயர்ச்சொல் ஆக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. "கப்பலில் ஏறும் நேரம்" என்று மூன்று வார்த்தையில் எழுதினால் யாருக்கு என்ன நட்டம்? எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால்தான் கலைச்சொல் என்று எங்கே எழுதியிருக்கிறது?

லக்கேஜுக்குச் "சுமை" போதுமே.

---

செங்கோட்டையிலிருந்து:

சுமை என்றதும் எனக்குச் சுமட்டுத் தொழிலாளியும் நோக்குகூலியும்தான் ஞாபகம் வந்தன. புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கம் வீடு மாற்றியவர்களுக்கு இது புரியும். நாமே பெட்டியை இறக்குவோம், அதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு ஒரு கூலி. 2018 மே 1 முதல் அது கிடையாது என்று கேரள அரசு அறிவித்தது, நல்ல காரியம். அது போகட்டும்.

"பொதி" என்று வைப்போம். இலங்கைத் தமிழர் பயணப்பொதி என்றுதான் சொல்கிறார்கள். மலையாளத்திலும் பொதி உண்டு, பொதிச்சோறு தின்னாத ஆள் இந்த எல்லையில் யார்? பொதி சுமக்கிற கழுதை என்று நம் பக்கத்தில் கேலி செய்வார்கள் என்பது தெரியும். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் அரை கிலோமீட்டர் நடந்தவன் அந்தக் கேலியை மறுக்கமாட்டான்.

பெட்டியின் கைப்பிடியில் சுற்றி ஒட்டுகிற காகிதத்துக்குப் "பொறி" என்று வைக்கலாம். காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அதிகாரிகள் மூட்டைகளின்மேல் புலிச் சின்னம் பொறித்துத்தான் வெளியே விட்டார்கள் என்று சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம், சொல்லும் கையிலேயே கிடக்கிறது.

---

நாகர்கோவிலிலிருந்து:

அண்ணாச்சி, பொறிச்சீட்டு என்று அச்சடித்தால் எலிப்பொறிக்கு எதற்குச் சீட்டு என்று கேட்பார்கள். பொதிச்சீட்டு என்றே இருக்கட்டும். புலி பட்டினத்திலேயே இருக்கட்டும்.

எனக்கு இடிப்பது நடையடைப்பு. கோயில் வாடை அடிக்கிறதே? இந்த மாவட்டத்தில் கப்பல் என்றாலே முதலில் வருபவர்கள் கடற்கரை ஊர்க்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், தேங்காய்ப்பட்டணம் பக்கம் முஸ்லிம்கள். சபரிமலை நடையடைப்பு என்று பேப்பரில் படித்த சொல்லை அவர்கள் தாளில் போடலாமா? இரண்டாவது, அவசரத்தில் படிக்கிறவர் அதைக் "கடையடைப்பு" என்று வாசிப்பார். கேரளாவில் ஹர்த்தால் போல, கப்பல் ஓடாது என்று வீட்டிலேயே படுத்துவிடுவார்.

---

களியக்காவிளையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கலமேறலை விட்டுவிட்டேன். கொழிஞ்சாம்பாறை மாஷ் (வாத்தியார்) சொன்னபடி "கப்பலில் ஏறும் நேரம்" என்றே போட்டுவிடலாம், ஆனால் முறைநேரத்துக்குத் துணையாக மட்டும்: "உங்கள் முறைநேரம் 12 முதல் 12:30 வரை, அப்போது முனையத்தில் இருந்தால் வரிசையில் நின்று கப்பலில் ஏறலாம்." ரேஷன் கடையில் பொங்கல் பரிசுக்கு டோக்கனில் நேரம் போட்டுக் கொடுத்ததிலிருந்து இந்த ஏற்பாடு யாருக்கும் புதிதல்ல. "டோக்கன் நேரம்" என்று எழுதினால் இன்னும் வேகமாகப் புரியும் என்றுகூடத் தோன்றுகிறது. குழுவில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்பதால் அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைக்கிறேன்.

நடையடைப்பை நான் விடுவதாக இல்லை. நாகர்கோவில் அக்கா சொன்ன இரண்டு காரணத்தையும் இரண்டு நாளாக மென்று பார்த்தேன். நடை கோயிலுக்கு மட்டும் சொந்தமில்லை. நம் வீட்டு வாசற்படியும் நடைதான். "நடையில இருக்காதே, எழும்பு" என்று அம்மை சொல்லாத வீடு இங்கே எந்த மதத்திலும் இல்லை. ரயில்வேயில் நடைமேடை, ஆற்றின்மேல் நடைப்பாலம். கரைக்கும் கப்பலுக்கும் இடையில் போடுகிற அந்தச் சாய்வுப் பாலத்தை நடை என்றால் யாரும் அகராதி தேடவேண்டாம். அதை இழுத்துவிட்டால் நடையடைப்பு. இனி, சபரிமலை வாடை அடித்தால் அடிக்கட்டுமே. நடை அடைத்தபிறகு எத்தனை பெரிய ஆள் வந்து நின்றாலும் திறக்கமாட்டார்கள் என்பது இந்த எல்லைப்பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "ஏறுதல் முடியும் நேரம்" என்று எழுதினால் கெஞ்சிப் பார்க்கலாம் என்று தோன்றும். நடையடைப்பு என்றால் தோன்றாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

கடையடைப்புக் குழப்பம் நியாயமானது. அதனால் தனியாக விடாமல் எப்போதும் "கப்பல் நடையடைப்பு" என்றே எழுதுகிறேன். ஹர்த்தாலையும் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், நல்லவேளை நினைவூட்டினீர்கள். 7 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்று 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது, இருந்தாலும் டாக்சிக்காரர் அதையெல்லாம் பார்த்து வண்டி எடுப்பதில்லை. விடியுமுன் பரசுராம் ரயிலைப் பிடித்து எறணாகுளத்தில் இறங்குவதைவிட முந்தின நாளே போய்ப் படுப்பது நல்லது என்று எழுதிவிட்டேன்.

மாலத்தீவுக்குப் போகிற பயணத்துக்கு ஐந்தாவதாக ஒரு நேரம் வருகிறது. அங்கே நம்மைவிட அரை மணி நேரம் பின்னால். ஊர் சுற்ற இறங்குகிறவர் செல்போன் தானாக மாற்றிக்கொண்ட நேரத்தைப் பார்ப்பார், கப்பல் தன் கடிகாரத்தைப் பார்க்கும். அதற்குக் "கப்பல் நேரம்" என்றே வைத்துவிட்டேன், யாரும் மறுக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி பொதி. செங்கோட்டை அண்ணாச்சி சொன்னதை ஏற்றுக்கொண்டேன். பொதி வரம்பு. இதை "எடை வரம்பு" என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. உள்நாட்டு விமானத்தில் பெட்டி 15 கிலோ, கையில் 7 கிலோ என்று கேட்டுக் கேட்டு, வரம்பு என்றாலே கிலோ என்று ஆகிவிட்டது. கப்பலில் மொத்த எடையைப் பற்றி அத்தனை கறார் கிடையாது. ஒரு பெட்டி 23 கிலோவைத் தாண்டக்கூடாது, எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கொண்டுவா என்கிற நிறுவனங்களும் உண்டு. தூக்குகிறவன் இடுப்புதான் கணக்கு. சிலர் ஆளுக்கு இத்தனை பெட்டி என்று எண்ணிக்கையில் பிடிப்பார்கள். ஆக எண்ணிக்கையும் எடையும் சேர்ந்ததே பொதி வரம்பு. எந்தக் கப்பலுக்கு எவ்வளவு என்ற இடத்தைக் காலியாக விட்டு, டிக்கெட்டைப் பார்த்து அலுவலகமே பேனாவால் எழுதட்டும்.

கையில் வைத்துக்கொள்வது கைப்பொதி. கவுன்டரில் கொடுத்துவிடுவதற்கு "ஒப்படைப் பொதி" என்று போட்டிருக்கிறேன், நாக்கில் கொஞ்சம் இடறுகிறது, சிறந்தது வந்தால் மாற்றலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும். ஒப்படைத்த பெட்டி எக்ஸ்ரேக்குப் போய், அறை எண் எழுதிய பொதிச்சீட்டைப் பார்த்துத் தளம்வாரியாகப் பிரிந்து, அறை வாசலுக்கு வர சாயங்காலம் ஆகிவிடும். சர்க்கரை மாத்திரை, பாஸ்போர்ட், மூக்குக் கண்ணாடி எல்லாம் அதற்குள் போய்விட்டால் மதியம் முழுக்கத் திண்டாட்டம். தாளில் இந்த வரியை மட்டும் கட்டம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

வரம்புக்குள் இருந்தாலும் கொண்டுபோகக் கூடாதவை தனி. தடைப்பொருள் என்று பொதுவாக எழுதினால் எல்லோரும் கத்தி, துப்பாக்கி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். கப்பல்காரர்கள் பயப்படுவது தீயைப் பற்றி. இஸ்திரிப்பெட்டி, கெட்டில், மெழுகுவத்தி, எக்ஸ்டென்ஷன் பெட்டி இவற்றைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நம்மவர்கள் சுடுதண்ணீர் இல்லாமல் எங்கேயும் போகமாட்டார்களே, அதனால் கெட்டிலை முதலில் போட்டேன். வீட்டில் செய்த சாப்பாடும் பெரும்பாலும் விடமாட்டார்கள். அடைத்து விற்கிற நேந்திரம் சிப்ஸைப் பற்றி அலுவலகத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒப்படைப் பொதிக்கு மாற்று இருந்தால் அதற்குள் எழுதுங்கள். உயிர்காப்புப் பயிற்சிக்கு எங்கே கூடவேண்டும் என்பதற்குக் "கூடுமிடம்" என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன், அதில் எனக்கே திருப்தி இல்லை. ஆனால் அதைப் பேச வேறு இழை தொடங்குங்கள், இதிலேயே போட்டால் பொதியும் நடையும் கலந்து அச்சகத்துக்காரர் என்னைத் திட்டுவார்.