ஸ்டேட்டஸ்ல போட்டாச்சுன்னா சொல்லியாச்சுன்னு அர்த்தமா?

நங்கநல்லூர்வாசி:
வணக்கம். பத்து நாளா மனசுல கெடந்து அறுக்குது, எங்கயாவது கொட்டணும்னுதான் இங்க எழுதறேன். பெரம்பூர்ல எங்க பெரியம்மா தவறிட்டாங்க. எனக்கு அது தெரிஞ்சதே மூணாவது நாள், அதுவும் பழவந்தாங்கல் ஸ்டேஷன்ல ஒரு தூரத்து சொந்தக்காரர் பாத்துட்டு "என்னம்மா, எடுக்கறப்ப உன்ன காணோமே"ன்னு கேட்டப்பதான். அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டேன். அண்ணனுக்கு போன் பண்ணா "அன்னிக்கே ஸ்டேட்டஸ்ல போட்டேனேம்மா, நீ பாக்கலையா"ங்கறாரு. அது 24 மணி நேரத்துல மறைஞ்சுடும், நான் அந்தப் பக்கம் போறதே இல்ல. ஒரு பிடி வாய்க்கரிசி போடக்கூட குடுத்து வைக்கல. முன்னாடி துக்கம்னா தந்தி வரும், 2013ல தந்திய நிறுத்துன பிறகும் போன்லயாவது சொன்னாங்க, 2017ல வாட்ஸ்அப்ல இந்த ஸ்டேட்டஸ் வந்ததுலேர்ந்து காலைல சாப்ட்ட பொங்கலும் அதுலதான் சாவு சேதியும் அதுலதான். தினமும் எல்லாத்தையும் போடறவங்கள கேக்கறேன், நெசமா தெரிஞ்சுக்கணும்: போடறப்ப யார மனசுல வெச்சு போடறீங்க?

வேளச்சேரி ராம்நகர்:
படிச்சதும் மனசு கஷ்டமா போச்சுங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தரைத்தளம் முழுக்க தண்ணி, நாங்க மாடி வீட்டுல அடைக்கலம், கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் 9 பர்சன்ட், யாருக்கு அடிச்சாலும் லைன் போகல, எப்படியோ நெட் ஒரு நிமிஷம் வந்தப்ப தங்கச்சி ட்விட்டர்ல அட்ரஸ், எத்தன பேரு, படுக்கையில ஒரு பாட்டி இருக்காங்க, இவ்ளோதான் போட்டா. மறுநாள் மத்தியானம் படகு வந்துச்சு. ஃபேஸ்புக்ல கூட பத்திரமா இருக்கேன்னு ஒரு தட்டு தட்டி சொல்ற வசதிய அப்போ சென்னைக்கு குடுத்தாங்க. 2023 மிக்ஜாம் புயல்லயும் தெருவுக்கு தெரு தண்ணி நிலவரத்த இப்படித்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அதனால போடறதே தப்புன்னு சொல்ல என்னால முடியாது. அந்த பதிவுல யாருக்கு என்ன வேணும்னு இருந்துச்சு, அதான் வித்தியாசம்.

கொளத்தூர் அம்மா:
நான் தினமும் போடறவதான்மா, கோலம், டிபன், மொட்டமாடி செடி எல்லாம். உங்க கேள்விக்கு பதில், என் பையனுக்குதான். துபாய்ல இருக்கான். யார் பாத்தாங்கன்னு லிஸ்ட் வரும்ல, அதுல அவன் பேரு இருந்தா புள்ள நல்லா இருக்கான்னு அர்த்தம், அன்னிக்கு தூக்கம் வரும். போன ஆடியில நாலு நாள் அவன் பேரு வரல. சோறு இறங்கல எனக்கு. கடைசில பயந்துகிட்டே போன் பண்ணா, ஆபீஸ் தொல்லைக்காக ப்ளூ டிக்க ஆஃப் பண்ணிருக்கான், அப்படி பண்ணா அவன் பாத்தாலும் நம்ம லிஸ்ட்ல காட்டாதாம். "ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா"ன்னான். அன்னிக்கு முக்கால் மணி நேரம் பேசினோம், அவனுக்கு முதுகுவலின்னே அப்பதான் தெரியும். இப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசறோம். கோலம் போடறத நிறுத்தல, அது வேற.

மாம்பலம் சித்தி:
எங்க அக்கா பேரனுக்கு நாலாவது பொறந்தநாள். குழந்தை மெழுகுவத்திய ஊதிட்டான், வீடியோ சரியா வரலன்னு திரும்ப ஏத்துனாங்க, மறுபடி ஊதுனான், யாரோ குறுக்க வந்துட்டாங்கன்னு இன்னொரு தடவ. மூணாவது தடவ அவன் கேக்க பாக்கவே இல்ல, போன் புடிச்சிருக்க அப்பாவ பாத்து "இப்ப ஊதலாமா?"ங்கறான். எனக்கு வயித்த என்னமோ பண்ணிச்சு. அந்த வீடியோல ஸ்கூல் பேரோட யூனிபார்ம் பின்னாடி தொங்குது, அதையும் அப்படியே போட்டாங்க. வீட்ட பூட்டிட்டு திருப்பதி போறப்ப கீழ்த்திருப்பதிலேர்ந்தே போட்டோ போடற வீடு அது, எத்தன தடவ சொன்னாலும் காதுல ஏறல.

வேளச்சேரி ராம்நகர்:
நங்கநல்லூர், தப்பா நினைக்காதீங்க, பெரியம்மாகிட்ட கடைசியா எப்ப பேசினீங்க?

நங்கநல்லூர்வாசி:
பொங்கலுக்கு. அதுக்கப்புறம் நானும் பண்ணல. அந்த வலிதான் இதுல பாதி, ஒத்துக்கறேன். நேத்து அண்ணன் வீட்டுக்கு போனேன். "யாருக்கு சொன்னேன் யாருக்கு சொல்லலன்னே தெரியலம்மா, யாரோ ஸ்டேட்டஸ்ல போட்டுடு எல்லாருக்கும் போயிடும்னாங்க, போட்டேன்"னு சொல்லி அழுதுட்டாரு. அவர் மேல எனக்கு இருந்த கோவம் அங்கயே போச்சு. பெரியம்மாவோட பழைய டைரி அலமாரியில இருந்துச்சு, அவங்க கையெழுத்துல அறுபது நம்பர் கிட்ட, பாதி பழைய லேண்ட்லைன், சிலதுக்கு பக்கத்துல "காது கேக்காது, சத்தமா பேசணும்"னு எழுதி வெச்சிருக்காங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு நானே ஒவ்வொருத்தருக்கா போன் பண்றேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். காஞ்சிபுரத்துல ஒரு பாட்டிக்கு இன்னிக்குதான் விஷயமே தெரியும், ரெண்டு பேரும் போன்லயே அழுதோம். கொளத்தூர் அம்மா, உங்க பதில அண்ணனுக்கு படிச்சு காமிச்சேன். இன்னும் பதினேழு பேர் பாக்கி இருக்காங்க, முடிச்சுட்டு வரேன்.