ராத்திரி இரண்டு மணிக்கே பேட்டரி இறங்கிவிடுகிறது, ஃபைபர் படகுக்கு எந்தப் பேட்டரி போடலாம்?

நாகை_ஃபைபர்:
வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகில் செவுள் வலைத் தொழில். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள டீசல் எஞ்சின். 12 வோல்ட் 88 ஏஹெச் (ஆம்ப்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) லாரி பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது, ஸ்டார்ட் அடிப்பதும் அதில்தான், லைட், ஜிபிஎஸ்-எக்கோ (இடமும் ஆழமும் காட்டும் கருவி), வயர்லெஸ் எல்லாம் ஓடுவதும் அதில்தான். சாயங்காலம் வலையை விட்டபின் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிடப்போம். இரண்டு மணி வாக்கில் ஜிபிஎஸ் அணைந்து அணைந்து எரிகிறது, விடியற்காலை செல்ஃப் அடித்தால் ‘டக் டக்’ சத்தம்தான் வருகிறது, ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் எடுக்கிறோம். பேட்டரி புதிதாக மாற்றினாலும் ஒரு வருஷம் தாண்டுவதில்லை. கடையில் கொண்டுபோய்க் காட்டினால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். கரைக்கு வந்ததும் வீட்டில் 10 ஆம்ப் சார்ஜரில் மூன்று நாலு மணி நேரம் போடுகிறோம். வேறு எந்தப் பேட்டரி வாங்கலாம்? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

பழையாறு_போட்:
150 ஏஹெச் போடு தம்பி, வேலை முடிந்தது.

வயரிங்_மணி:
பெரிய பேட்டரி போட்டால் முடியாது அண்ணே, பெரிய பேட்டரியும் அரைகுறை சார்ஜில்தான் கிடக்கும், சாவதற்குக் கொஞ்சம் கூட நாள் எடுக்கும், அவ்வளவுதான். முதலில் கணக்குப் போடுவோம். தம்பி, என்னென்ன ஓடுகிறது, எத்தனை வாட் என்று எழுதுங்கள்.

நாகை_ஃபைபர்:
எல்இடி லைட் இரண்டு, ஒவ்வொன்றும் 20 வாட். கொடிமரத்து லைட் ஒன்று சின்னது. ஜிபிஎஸ்-எக்கோ ஒரே செட். வயர்லெஸ் எப்போதும் ஆனில் இருக்கும். ஃபோன் சார்ஜ் போட ஒரு குட்டி இன்வெர்ட்டர்.

வயரிங்_மணி:
சரி. லைட் இரண்டும் 40 வாட், 12-ஆல் வகுத்தால் 3.3 ஆம்ப். ஜிபிஎஸ்-எக்கோ ஒரு ஆம்ப் என்று வையுங்கள். வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்ப், நீங்கள் பேசும்போதுதான் அஞ்சு ஆம்ப் வரை இழுக்கும், அது கொஞ்ச நேரம்தான். கொடிமரத்து லைட், இன்வெர்ட்டர் (ஃபோன் போடாவிட்டாலும் ஆனில் இருந்தாலே தின்னும்) இரண்டும் சேர்ந்து ஒரு ஆம்ப். மொத்தம் ஆறு ஆம்ப் வருகிறது.

ஏழு மணிக்கு எஞ்சினை நிறுத்தினால் இரண்டு மணி வரை 42 ஏஹெச். அதாவது 88-இல் பாதிகூட இல்லை. முழு சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி என்றால் அந்த நேரத்துக்கு ஜிபிஎஸ் அணையவே கூடாது. அப்படியென்றால் கரையை விட்டுக் கிளம்பும்போதே உங்கள் பேட்டரி நிறைந்திருக்கவில்லை, இல்லை ஏற்கெனவே பாதி செத்துவிட்டது. இரண்டுமே இருக்கலாம்.

விடியும் வரை ஓட்டினால் 65, 70 எடுத்துவிடுகிறீர்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அதைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும், நடுவில் சூடாகவும் வாயுவாகவும் வீணாகிறது. 10 ஆம்பில் நாலு மணி நேரம் என்றால் 40தான். கடைசி 20 சதவீதத்தைப் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும், அவசரப்படுத்த முடியாது. ஆக உங்கள் பேட்டரிக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் சார்ஜர் வேண்டும். தினமும் குறையோடு கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது.

ஒரு மல்டிமீட்டரும், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் வாங்குங்கள், இரண்டும் விலை குறைவுதான். மூன்று அளவு வேண்டும்: சார்ஜரைக் கழற்றி ராத்திரி முழுக்கச் சும்மா வைத்த பிறகு பேட்டரி வோல்ட், எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சினில் சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது) முனையில் வோல்ட், அதே நேரத்தில் பேட்டரி முனையில் வோல்ட்.

தூத்துக்குடி_விசை:
வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி இருக்கிறதே, அதைப் போடுங்கள். இறங்கி இறங்கி ஏறத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். லாரி பேட்டரி ஒரே நொடியில் பெரிய கரண்டைக் கொடுத்து ஸ்டார்ட் அடிக்கத்தான், ராத்திரி முழுக்க லைட் எரிக்க இல்லை.

குமரி_மெக்கானிக்:
சொன்னது சரி, ஆனால் விசைப்படகுக்குச் சரி. உயரமான டியூபுலர் 150 ஏஹெச் அம்பது கிலோவுக்கு மேல் வரும், ஃபைபர் படகு அலையில் ஆடும்போது மூடி வழியாக ஆசிட் தெறித்துத் தரையெல்லாம் வழியும். உயரம் குறைந்த டியூபுலர் வாங்குங்கள், இல்லை சீல் செய்த விஆர்எல்ஏ சோலார் பேட்டரி. பெட்டியில் வைத்து நன்றாகக் கட்டிப்போட வேண்டும். கடல் தண்ணீர் பேட்டரிக்குள் போய் ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய இடத்தில் அதைச் சுவாசித்தால் ஆபத்து.

நாகை_ஃபைபர்:
அளந்து பார்த்தேன் அண்ணே. ராத்திரி சும்மா வைத்த பிறகு 12.1 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனையில் 14.1, பேட்டரி முனையில் 13.0. ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.200 பக்கம், ஒரு செல் மட்டும் 1.130.

வயரிங்_மணி:
இரண்டு நோய் வெளியே வந்துவிட்டது. முழு சார்ஜில் 12.6க்கு மேல் இருக்க வேண்டும், 12.1 என்றால் பாதிக்கும் கீழே. ஒரு செல் படுத்துவிட்டது, இந்தப் பேட்டரியை இனிக் காப்பாற்ற முடியாது. அது ஒன்று.

இன்னொன்று அதைவிட முக்கியம். ஆல்டர்னேட்டரிலிருந்து கிளம்பும் 14.1 பேட்டரிக்குப் போய்ச் சேரும்போது 13 ஆகிறது. நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் எங்கேயோ தொலைகிறது. 13-இல் எவ்வளவு நேரம் எஞ்சின் ஓட்டினாலும் இந்தப் பேட்டரி நிறையாது, 14-க்கு மேல் வேண்டும். இதைச் சரி செய்யாமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும். பாசிட்டிவ் வயர், கட்-ஆஃப் சுவிட்ச், எர்த் வயர் மூன்றையும் ஒவ்வொரு முனையாக மீட்டர் வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓட ஓட ஒரே வயரின் இரண்டு முனையிலும் இரண்டு புரோபையும் வைத்தால், எங்கே அரை வோல்ட் காட்டுகிறதோ அதுதான் ஆள்.

நாகை_ஃபைபர்:
எர்த் வயர்தான்! 0.8 காட்டியது. வெளியே பார்க்க லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) நன்றாகத்தான் இருந்தது. உறையை ஒரு சாண் நீளம் கீறிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி கரிபோல் கருத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது, லக்குக்கு அடியில் பச்சை பூத்துக் கிடந்தது. மீதி 0.3 சுவிட்சில்.

குமரி_மெக்கானிக்:
உப்புத் தண்ணீர் லக் வாய் வழியாக ஏறிக் கம்பிக்குள்ளேயே ஊர்ந்து போய்விடும். வீட்டு வயரைக் கொண்டுவந்து படகில் போட்டால் இதுதான் நடக்கும். ஈயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே போடுங்கள், லக்கை நன்றாக அழுத்திப் பிடித்து, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு வாயை மூடுங்கள். டெர்மினலில் வாசலின் தடவுங்கள், பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம்.

பழையாறு_போட்:
அப்போ லித்தியம் போட்டுவிடலாமே? எடையும் கம்மி, என் மச்சான் போட்டிருக்கிறான்.

வயரிங்_மணி:
போடலாம். 100 ஏஹெச் லித்தியம் பாஸ்பேட் பன்னிரண்டு கிலோ பக்கம்தான், 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், ஈய பேட்டரியில் பாதியோடு நிறுத்துவது நல்லது. ஆனால் ஆல்டர்னேட்டரில் நேராக இணைக்க வேண்டாம் அண்ணே. லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கும், ஆல்டர்னேட்டர் சூடேறி வேகும். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) நடுவில் சட்டென்று வெட்டிவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகும். நடுவில் கரண்டை அளவாகக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். விலை, அந்தச் சார்ஜர், உப்புத் தண்ணீர் மூன்றையும் யோசித்தால் தம்பியின் படகுக்கு இப்போதைக்கு ஈயமே போதும் என்பது என் அபிப்பிராயம்.

தம்பி, இருக்கும் அளவிலேயே ஒரு லாரி பேட்டரி ஸ்டார்ட்டுக்கு மட்டும். லைட், ஜிபிஎஸ், வயர்லெஸ்ஸுக்குத் தனியாக 150 ஏஹெச். ஆறு ஆம்பில் விடிய விடிய ஓடினாலும் பாதி சார்ஜுக்குக் கீழே இறங்காது, செல்ஃபுக்கான பேட்டரி தொடாமல் இருக்கும். பழையது ஒன்று புதியது ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கட்டாதீர்கள், பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். எல்இடி வாங்கும்போது மலிவானதை வாங்கினால் வயர்லெஸ்ஸில் ‘கொர்ர்’ சத்தம் வரும், எரியவிட்டுக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தூத்துக்குடி_விசை:
150-க்கு வீட்டில் 15 ஆம்ப் சார்ஜர் வேண்டும், அந்தப் பத்தை வைத்துக்கொண்டு மாரடிக்காதே தம்பி. மழை இல்லாத நாளில் 100 வாட் சோலார் தகடு ஒன்று கேபின் மேல் போட்டால் இருபத்தைந்து ஏஹெச் பக்கம் ஏறும், சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் நேராக மாட்டாதே. எங்கள் விசைப்படகுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் பேட்டரியைப் படகிலேயே விட்டுப் போகிறவர்கள்தான் ஜூனில் கடையில் வரிசையில் நிற்பார்கள், கழற்றி வீட்டில் வைத்து மாதம் ஒருமுறை நிறைய சார்ஜ் போட்டால் பிழைக்கும்.

நாகை_ஃபைபர்:
எர்த் வயரும் சுவிட்சும் மாற்றியாச்சு, இப்போது பேட்டரி முனையில் 14.0 நிற்கிறது. 150 விஆர்எல்ஏ சொல்லியிருக்கிறேன். ஒரே சந்தேகம், ஃபியூஸ் பேட்டரி பக்கம் போடுவதா, லைட் போர்டு பக்கமா?

வயரிங்_மணி:
பேட்டரி பக்கம், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். போர்டு பக்கம் போட்டால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஃபியூஸ் இருக்காது. ஆறு ஆம்ப் லோடு, வயர்லெஸ்ஸில் பேசும்போது ஐந்து கூடும், 15 ஆம்ப் ஃபியூஸ் போதும், வயர் 4 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையாமல். புதுப் பேட்டரி வந்ததும் சார்ஜரின் வோல்ட்டைப் பாருங்கள், விஆர்எல்ஏ என்றால் 14.4க்கு மேல் ஏற்ற வேண்டாம், பேட்டரி மேலேயே ஒட்டியிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள்.